நீட் எழுதிய பெண்ணுக்கு ராணுவ நர்சிங்

போன வாரம் திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்பு ஆலோசனைக்காக என்னிடம் வந்தது. அப்பா பலகாரக் கடை வைத்திருக்கிறார். மகள் நீட்டில் தகுதி பெற்றுவிட்டாள்; அரசு எம்.பி.பி.எஸ். சீட்டுக்குத்தான் எட்டாது. அப்பா சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த நோட்டீஸ் ஒன்றை எடுத்து விரித்தார். வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ்., 35 லட்சம். "இவ பெரியப்பா பையன் அங்கதான் படிக்கிறான்" என்றார். அம்மாவுக்கு வேறு கவலை: "இவ என்னவோ மிலிட்டரிங்கறா சார்." மகள் வாயே திறக்கவில்லை. ஆனால் அவள் ஃபைலில் மார்க் ஷீட்டுக்கும் மேலே என்.சி.சி. (தேசிய மாணவர் படை) 'ஏ' சான்றிதழ் இருந்தது.

"பயப்படாதீங்க, பார்த்துக்கலாம்" என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். நோட்டீஸைப் படித்ததும் அதை நிறுத்திவிட்டேன். படித்துத் திரும்பினால் இங்கே தகுதித் தேர்வு எழுத வேண்டும், அதில் பலர் திரும்பத் திரும்பத் தோற்கிறார்கள் என்ற வரி அதில் இல்லவே இல்லை. குடியிருக்கும் வீட்டை அடகு வைத்து இந்தப் படிப்பு வேண்டாம். பெரியப்பா வந்து தவணை கட்டப்போவதில்லை.

ராணுவத்தில் சேர என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி), அக்னிவீர் (நான்கு வருட வீரர் பணி) பற்றியெல்லாம் யூடியூபில் நிறைய கிடைக்கிறது, விட்டுவிடுகிறேன். அதே நீட் மதிப்பெண்ணை வைத்தே ராணுவத்துக்குள் போக ஒரு வழி இருக்கிறது: ராணுவ நர்சிங் சேவையின் நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங். புனே, கொல்கத்தா, மும்பை, டெல்லி, லக்னோ, பெங்களூரு என ஆறு ஊர்களில் கல்லூரி, மொத்தம் 220 இடம். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு இலவசம். மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. முடித்ததும் லெப்டினன்ட், தோளில் இரண்டு நட்சத்திரம்.

நீட் எழுதினால் மட்டும் போதாது. ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இது தெரியாமல்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பிளஸ் டூவை முதல் முயற்சியிலேயே இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலத்தோடு 50 சதவீதம் எடுத்துத் தேறியிருக்க வேண்டும். அப்புறம் பொது அறிவுத்திறனும் ஆங்கிலமும் கலந்த கணினித் தேர்வு, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை. இந்தப் பெண் ஆங்கிலத்தில் தடுமாறுகிறாள். இன்றிலிருந்தே தினமும் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும்.

"நர்ஸ் வேலைக்கா சார்?" என்று அம்மா முகம் சுளித்தார். அம்மா, இந்திய ராணுவத்தில் பெண்கள் நுழைந்த வழியே இதுதான். 1888-ல் பத்து பிரிட்டிஷ் நர்ஸ்கள் பம்பாயில் வந்து இறங்கினார்கள். 1926-ல் அது நிரந்தரச் சேவையானது, 1943-ல் அவர்களுக்கு அதிகாரி அந்தஸ்து வந்தது. அதே 1943-ல் சிங்கப்பூரில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றவர் நம் சென்னையில் மருத்துவம் படித்த கேப்டன் லட்சுமி; மலேயா ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் அதில் துப்பாக்கி பிடித்தார்கள். ஆனால் சுதந்திர இந்தியாவின் ராணுவத்தில் மருத்துவம், நர்சிங் தாண்டிப் பெண்கள் அதிகாரியாக 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த முதல் 25 பேர் பயிற்சி பெற்றது நம் சென்னைப் பரங்கிமலையில் இருக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில்தான். 1993 மார்ச்சில் அதிகாரிகளாக வெளியே வந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்தது வெறும் ஐந்து வருடப் பணி. நிரந்தரப் பணிக்காகப் பெண்கள் கோர்ட் ஏறி இறங்கி, 2020 பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கிடைத்தது. நர்சிங் சேவை அதற்கு எவ்வளவோ முன்னால் வந்தது.

கல்யாணம் செய்தால் வேலை போய்விடுமா என்றும் அம்மா கேட்டார். ஒரு காலத்தில் போனது. 1988-ல் ஒரு நர்சிங் அதிகாரியைக் கல்யாணத்தைக் காரணம் காட்டி அனுப்பினார்கள். 1995-ல் அந்த விதியே ரத்தானது. 2024-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 60 லட்சம் கொடுக்கச் சொன்னது. ஆனால் சேரும்போதும் படிக்கும்போதும் கல்யாணப் பேச்சு கூடாது. ஜாதகத்தை நான்கு வருடம் பீரோவில் வையுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு அப்பா அம்மாவை வெளியே உட்காரச் சொன்னேன். "ரத்தம், புண், ராத்திரி டூட்டி, பெட்பேன். சம்மதமா?" என்று அவளைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "பாட்டிக்கு ரெண்டு வருஷம் நான்தான் பார்த்தேன் சார், பக்கவாதம்" என்றாள். சரி. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் இந்தப் பேச்சை அங்கேயே மூடியிருப்பேன். பிடித்தமான ஒரு டிகிரி, என்.சி.சி. 'சி' சான்றிதழ், அது வழியாகப் பரங்கிமலை என்று அனுப்பியிருப்பேன். சும்மா கிடைக்கிறதே என்று நர்சிங்கில் தள்ளக்கூடாது.

அப்பாவுக்கு ஒன்று. சேரும்போது ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். பாதியில் விட்டால் பணம் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். கடையில் கூட்டம் இல்லாத மதிய நேரமாகப் பார்த்து மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து வரிவரியாகப் படியுங்கள். 220 இடம் என்பது நாடு முழுமைக்கும், கிடைக்காமலும் போகலாம். அதனால் நம் மாநில அரசு நர்சிங் கல்லூரிகளுக்கும் இதே வாரம் விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.