வேறு கருவிக்கு மாறியும் பட்டன் அமுங்கியே இருந்தால்

க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் ப்ளக்இன்னுக்காகப் பைத்தானில் நீங்கள் எழுதிய கருவியை விட்டு வேறு கருவிக்கு மாறியும் அதன் பட்டன் அமுங்கியே இருக்கிறதா? கருவி மாறும்போது ஓடும் டீஆக்டிவேட் மெத்தடின் கடைசி வரியாக சூப்பர்().டீஆக்டிவேட்() சேருங்கள், பான் (வரைபடத்தை நகர்த்தும்) கருவிக்கு மாறியதும் உங்கள் பட்டன் தானாக விடுபட்டுவிடும். க்யூஜிஐஎஸ்ஸில் பட்டனை விடுவிப்பதும், டீஆக்டிவேட்டட் சிக்னலை அனுப்புவதும் தாய் வகுப்பின் (உங்கள் கருவி எந்த வகுப்பிலிருந்து உருவானதோ அதன்) வேலை. நீங்கள் மெத்தடை மாற்றி எழுதிவிட்டு அதைக் கூப்பிடாமல் விட்டால் இரண்டுமே நடக்காது.

அப்படியும் அமுங்கியே இருந்தால், கருவியை உருவாக்கும் இடத்தில் அதைப் பட்டனோடு இணைக்கும் செட்ஆக்‌ஷன் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். எந்த பட்டன் தன்னுடையது என்று கருவிக்கு வேறு எப்படித் தெரியும்?

உங்கள் கருவி வரைந்து, வேறு கருவிக்கு மாறிய பிறகும் வரைபடத்தில் தங்கிவிடும் சிவப்புக் கோடு தனிக் கதை. ரப்பர் பேண்ட் எனப்படும் அந்தத் தற்காலிகக் கோட்டைத் தாய் வகுப்பு தொடாது, அதே மெத்தடில் நீங்களே ரீசெட் செய்ய வேண்டும்.

சோதிக்க, மெத்தடின் முதல் வரியில் ஒரு பிரிண்ட் போட்டு, பைத்தான் கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டு பான் பட்டனை அழுத்துங்கள். ஸ்பேஸ் பாரையோ மவுஸின் நடு பட்டனையோ பிடித்து நகர்த்தினால் கருவி மாறுவதே இல்லை, அப்போது ஒன்றும் அச்சாகவில்லை என்று குழம்ப வேண்டாம்.

"சேமிக்கவா?" என்று கேட்டு, வேண்டாம் என்றால் கருவியிலேயே நிற்க வைக்கலாம் என்று நினைத்தால் அது இங்கே முடியாது, இந்த மெத்தட் எதையும் திருப்பித் தருவதில்லை, மாற்றத்தைத் தடுக்க வழியில்லை. ஆர்க்மேப் என்ற பழைய வரைபட மென்பொருளின் ஆட்-இன்னில் ஃபால்ஸ் திருப்பி அனுப்பித் தடுக்கலாம், அங்கிருந்து வருபவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அப்புறம், ப்ளக்இன் நீக்கப்படும்போது ஓடும் அன்லோட் மெத்தடில், கேன்வாஸின் (வரைபடப் பரப்பின்) கருவியை விடுவிக்கும் அன்செட்மேப்டூலையும் கூப்பிட்டுவிடுங்கள்.