வலைப்பதிவு எழுதியே ஒரு சாதாரண ஆள் உலகப் புகழ் பெற முடியுமா?

முடியும். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் பாக்தாத்தின் 'சலாம் பாக்ஸ்'. அரபியிலும் லத்தீனிலும் 'அமைதி' என்று பொருள்படும் இரு சொற்களைச் சேர்த்த புனைபெயர். கட்டடக்கலை படித்த இளைஞர். ஜோர்டானில் இருந்த நண்பர் ராயெத் மின்னஞ்சலுக்குச் சரியாகப் பதில் போடுவதில்லை என்று, 2002-இல் அவருக்காகவே ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார்.

2003-இல் போர் வந்தது. குண்டு விழும் ஊருக்குள் ஒரு குடும்பம் எப்படி நாளைக் கடத்துகிறது என்பதை எந்தச் செய்தியாளரும் அவரளவுக்கு நெருக்கமாகச் சொல்லவில்லை. இப்படி ஒருவர் உண்மையில் இருக்கிறாரா என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். அப்புறம்தான் அமெரிக்கப் பத்திரிகையாளர் பீட்டர் மாஸுக்குப் புரிந்தது: பாக்தாத்தில் தன்னிடம் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவரே அவர்தான்! அதே ஆண்டு 'கார்டியன்' நாளிதழில் பத்தி எழுத ஆரம்பித்தார்.