ஒரே உப்புநீர், டியூரம் மட்டும் ஏன் கருகுகிறது?

ரொட்டிக் கோதுமை, டியூரம் (பாஸ்தா செய்யும் கோதுமை) இரண்டுக்கும் ஒரே உப்புநீர்தான் ஊற்றுகிறீர்கள். டியூரத்தின் அடியிலைகள் மட்டும் கருகுகின்றன, அதன் வேர் அதிகம் உறிஞ்சுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உறிஞ்சுவதைவிட, உறிஞ்சியது எங்கே போகிறது என்பதுதான் விஷயம். வேரில் நீரை மேலே ஏற்றும் சைலக் குழாயை ஒட்டிய செல்களில் எச்கேடி1;5 என்றொரு கடத்திப் புரதம் உண்டு. ஏறிக்கொண்டிருக்கும் சோடியத்தை வழியிலேயே இழுத்து வேரில் நிறுத்திவிடும், சோதனைச்சாவடி மாதிரி. ரொட்டிக் கோதுமையில் இதற்கான முக்கிய மரபணு 4டி குரோமோசோமில் இருக்கிறது. டியூரத்துக்கு அந்த 4டி அடங்கிய டி குரோமோசோம் தொகுதியே கிடையாது (அதற்கு 28 குரோமோசோம், ரொட்டிக் கோதுமைக்கு 42). சோடியம் நேரே இலைக்குப் போய்விடும். அதிக நாள் நீரை ஆவியாக்கிய பழைய இலையில்தான் அதிகம் சேரும். அதுதான் முதலில் கருகும். ஐன்கார்ன் வகைப் பழங்கோதுமையின் இதே மரபணுவை ஆஸ்திரேலியாவில் டியூரத்துக்குக் கொண்டுவந்தார்கள். உவர்நிலத்தில் விளைச்சல் 25% கூடியதாக 2012இல் ஆய்வு வெளியானது.

அப்புறம், உப்பு ஊற்றிய முதல் சில நாட்களில் இரண்டுமே குன்றினால் குழம்பாதீர்கள். அது நீரை இழுக்க முடியாத தவிப்பு, சோடிய நஞ்சு அல்ல. உப்பை ஒரேயடியாகக் கொட்டாமல் சில நாட்களில் படிப்படியாக ஏற்றுங்கள், கொஞ்சம் கால்சியமும் சேருங்கள். மூன்றாம் இலையில் சோடியம், பொட்டாசியம் இரண்டையும் அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.