டைம்பாஸ் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 27. கல்யாணமாகி மூன்று வருடம். போக வர ஒன்றரை மணி நேரம் கம்பெனி பஸ். அதில்தான் உங்கள் கதைகளைப் படிக்கிறேன், பக்கத்து சீட்டுக்காரி பார்க்காதபடி போன் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு. இலக்கியமெல்லாம் எனக்குத் தெரியாது, சும்மா டைம்பாஸுக்குத்தான் படிப்பேன், தப்பாக நினைக்காதீர்கள். எங்கள் நாத்தனார் வீட்டுக்காரர் நிறையப் படிப்பவர். "இன்னுமா இந்த மில்ஸ் அண்ட் பூன்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். சங்க இலக்கியமே முக்கால்வாசி காதல்தானே அண்ணா என்றேன். சிரித்தார்.

நானும் ஒரு கதை எழுதுகிறேன். ஒரு ஆப்பில் வேறு பெயரில் 12 அத்தியாயம் போட்டிருக்கிறேன், லிங்க் கீழே. வீட்டில் யாருக்கும் தெரியாது. ஹீரோ ரொம்ப சாஃப்ட், ஆன்டி ஹீரோவாக மாற்றுங்கள் என்று கமெண்ட் வருகிறது. 13வது அத்தியாயம் இரண்டு மாதமாக நகரவே மாட்டேன் என்கிறது. எப்படி நகர்த்துவது? சொந்தப் பெயரில் எழுதலாமா? என் மாமியாரும் ஒரு காலத்தில் லெண்டிங் லைப்ரரியில் வாங்கி நிறையப் படிப்பாராம். இப்போது சர்க்கரையில் கண் மங்கிவிட்டது. அவரிடம்கூட நான் எழுதுவதைச் சொல்லவில்லை.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள பெண்ணுக்கு,

நீ என் மகளைவிட இரண்டு வயது சின்னவள். அதனால் நீ, வா, போ என்றே எழுதுகிறேன். அதற்குக் கோபித்துக்கொள்ளாதே, கோபப்பட வேறு விஷயங்கள் கீழே வரும்.

வழக்கமாக இப்படிப்பட்ட கடிதங்களுக்குத் தனியாக நாலு வரி போட்டு அனுப்பிவிடுவேன். போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது ஒரு பழைய புத்தகம் கையில் கிடைத்தது. அதைத் துடைத்து மேஜைமேல் வைத்திருந்த வாரத்தில் உன் கடிதம் வந்தது. அதில் ஒரு சொல் என்னைச் சுருக்கென்று குத்தியது. அதனால்தான் எல்லாரும் பார்க்க இங்கே பதில் எழுதுகிறேன்.

முதலில் பெயர் விஷயத்தைத் தள்ளிவிடுகிறேன். எழுத்தாளர்களையே எடுத்துக்கொள். ரங்கராஜன் மனைவி பெயரைப் போட்டுக்கொண்டு சுஜாதா ஆனார். திரிபுரசுந்தரி லக்ஷ்மி ஆனார். ராஜேஸ்வரிக்கு அநுத்தமா என்று பெயர் வைத்ததே அவருடைய மாமனார்தான். எந்தப் பெயரை வைத்தால் உனக்குக் கை ஓடுகிறதோ அதை வைத்துக்கொள். இதற்கெல்லாம் ஒரு கடிதமா?

அடுத்தது உன் நாத்தனார் வீட்டுக்காரர். அவர் ஏளனமாகச் சொன்ன அந்த மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகம் 1908ல் லண்டனில் தொடங்கியபோது எல்லா வகைப் புத்தகமும் போட்டது. அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன்கூட அவர்கள் போட்டவர்தான். 1930களில்தான் காதல் நாவலே பிழைப்பு என்று ஆனது. அதற்குக் காரணம் அந்த ஊர் வாடகை நூலகங்கள். பழுப்பு அட்டை போட்ட புத்தகங்களைப் பெண்கள் வாரம் தவறாமல் வந்து வாங்கிப் போனார்கள். நம் ஊர் லெண்டிங் லைப்ரரியிலும் பழுப்புத்தாள் அட்டைதான், அதன்மேல் ஸ்கெட்ச் பேனாவில் நம்பர். நிறையப் படித்தவர் இதையும் படித்திருக்கலாம். போகட்டும்.

ஆனால் நீ அவருக்குச் சொன்ன பதில் இருக்கிறதே, அது எனக்குப் பிடிக்கவில்லை. யாராவது காதல் கதையைக் கேலி செய்தால் உடனே குறுந்தொகையை இழுத்துக்கொண்டு வந்து முன்னால் நிறுத்துவது. நானும் பல மேடையில் செய்திருக்கிறேன், வெட்கத்தோடு சொல்கிறேன். குறுந்தொகையில் ஒரு பாட்டு உண்டு, 66வது. மழை பெய்து கொன்றை பூத்துவிட்டது. கார்காலத்தில் வருகிறேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. தோழி சொல்கிறாள், இந்தக் கொன்றைக்கு அறிவில்லை, காலமல்லாத காலத்தில் பெய்த மழையைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்டது என்று. தலைவியைத் தேற்ற ஒரு பொய். அவ்வளவுதான் பாட்டு. அவன் வந்தானா இல்லையா என்று அந்தப் பாட்டு சொல்வதே இல்லை. நானாக இருந்தால் அடுத்த அத்தியாயத்தில் தேர்மணிச் சத்தத்தைக் கேட்க வைத்துவிடுவேன். என் வாசகி பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் அவன் வந்தாக வேண்டும். அது வேறு வேலை, இது வேறு வேலை. இரண்டும் எனக்கு வேண்டும். ஆனால் ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றைச் சாட்சிக்கு அழைக்காதே. உனக்குப் பிடித்திருக்கிறது என்பது போதாதா?

சரி, இப்போது அந்தச் சொல். டைம்பாஸ்.

எங்கள் பெரியம்மா வீடு கும்பகோணத்தில். வீட்டில் பதினோரு பேர். எனக்கு அப்போது ஒன்பது, பத்து வயது. 1975 என்று வைத்துக்கொள். லீவு விட்டால் என்னை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பெரியம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். காலை நாலரைக்கு எழுந்து வாசல் தெளித்தால் இரவு பத்தரைக்குச் சமையலறைக் கதவைச் சாத்துகிற வரை உட்கார மாட்டாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்த ஒரே இடம் ஆட்டுக்கல்.

இரண்டு படி அரிசிக்கு அரைப்படி உளுந்து. உளுந்து முதலில். வலது கை குழவியைச் சுற்றும், இடது கை மாவைத் தள்ளிவிடும். அரிசியை ஈடு ஈடாகப் போட்டு அரைத்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். இரண்டு கையும் மாவு. புத்தகத்தைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டுமே, அதற்குத்தான் நான்.

புத்தகம் என்றால் கடையில் வாங்கியது இல்லை. பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வாங்கியது. காலிகோ துணி முதுகு. கதைக்கு நடுவே பாதி ஜோக், கூந்தல் தைல விளம்பரம் எல்லாம் இருக்கும். பைண்டர் ஓரத்தை வெட்டும்போது எழுத்தையும் சேர்த்து வெட்டியிருப்பார். சில வரிகளில் கடைசி எழுத்து இருக்காது. "ஏறிட்டுப் பார்த்தா" என்று வரி முடியும். பார்த்தானா, பார்த்தாளா? நானே ஒரு முடிவு செய்து படிப்பேன். பெரியம்மா, "அவனா பார்த்தான்? இருக்காதுடி, அவன் அப்படிப் பார்க்கிற ஆள் இல்லை, திருப்பிப் படி" என்பாள்.

நான் படிக்கப் படிக்க அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன், குழவியைத்தான் பார்ப்பேன். நிலாவைப் பற்றி ஒரு பக்கம் வர்ணனை வந்தால் குழவி பறக்கும். கதாநாயகியின் அப்பா அறிவுரை சொல்ல ஆரம்பித்தால் இன்னும் வேகம். அவனும் அவளும் ஒரே அறையில் இருந்து, பேச வேண்டியதைப் பேசாமல் வேறெதையோ பேசினால் குழவி மெதுவாகும். சில இடத்தில் நின்றேவிடும். மாவு சொட்டுகிற கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிற்காலத்தில் எனக்கு எத்தனையோ விமர்சனம் வந்தது. அந்தக் குழவி அளவுக்கு நேர்மையாக யாரும் சொன்னதில்லை.

ஒரு புத்தகத்தில் 23வது அத்தியாயம் இல்லை. அந்த வாரப் பத்திரிகையை இரவல் வாங்கிப் போன எதிர்வீட்டுக்காரி திருப்பித் தரவே இல்லை. 22ல், இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்கிறாள். 24ல் இருவரும் அவன் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள். நடுவில் என்ன நடந்தது? நான் விழித்தேன். "இல்லாட்டி என்னடி, நீ சொல்லு" என்றாள் பெரியம்மா.

சொன்னேன். மழை கொட்டுகிறது, அவன் காரில் வந்து இறங்கி, ஓடி வந்து, அவள் காலில் விழுந்து அழுகிறான். குழவி பறந்தது. "அவன் எதுக்குடி கால்ல விழணும்? அவ்வளவு நேரம் ஆகியும் பஸ் ஏன் வரலை?"

இரண்டு நாள் யோசித்தேன். அடுத்த முறை மாவு அரைக்கும்போது மாற்றிச் சொன்னேன். பஸ் வந்துவிட்டது. அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கண்டக்டர் வருகிறார். அவளிடம் பத்து ரூபாய் நோட்டு, சில்லறை இல்லை. கண்டக்டர் திட்டுகிறார். பின் சீட்டிலிருந்து ஒரு கை சில்லறையை நீட்டுகிறது. "ரெண்டு கும்பகோணம்."

குழவி நின்றது.

"அவ திரும்பிப் பார்த்தாளா?"

"இல்லை, பெரியம்மா."

"ம்" என்றாள். அப்புறம் கல் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. நான் எழுதிய முதல் காதல் அத்தியாயம் அதுதான், காகிதமே இல்லாமல். பரணில் கிடைத்தது அந்தப் புத்தகம். 22க்கும் 24க்கும் நடுவே உளுந்து மாவு ஒரு பொட்டு காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது சொல், அவள் செய்தது டைம்பாஸா? பாஸ் பண்ணுவதற்கு அவளிடம் டைம் எங்கே இருந்தது? பதினோரு பேருடைய இட்லிக்கு நடுவில் அந்த ஒன்றரை மணி நேரத்தை அவள் திருடினாள். நீயும்தான். காலையில் சமைத்து, டப்பா கட்டி, அங்கே சரக்கு வாங்குகிற பையருக்கும் தையல் லைனுக்கும் நடுவில் பந்தாடப்பட்டு, வந்து மறுபடி சமைக்கிறாய். பஸ்ஸில் தூங்கலாம். தூங்காமல் படிக்கிறாய். தூக்கத்தை விட்டுக்கொடுத்து வாங்கியதற்கா டைம்பாஸ் என்று பெயர் வைப்பாய்? அதுவும் எழுதுகிற என்னிடமே. எனக்கு என்ன, அரிசி களைந்த தண்ணீரா நான் எழுதுவது? வெட்டியாக இருப்பவன் சொல்லட்டும் டைம்பாஸ் என்று, அவனுக்குப் பொருந்தும்.

வை.மு. கோதைநாயகிக்குக் கல்யாணம் நடந்தபோது ஐந்தரை வயது. பள்ளிக்கூடமே போகாதவர். தன் முதல் நாடகத்தைத் தோழி பட்டம்மாளிடம் சொல்லச் சொல்ல அந்தத் தோழி எழுதினார். 1925ல் ஜகன்மோகினி பத்திரிகையை எடுத்து நடத்தினார். 115 நாவல் எழுதினார். ஒருத்தி சொல்ல ஒருத்தி எழுத, இன்னொருத்தி படிக்க மற்றொருத்தி கேட்க, இப்படித்தான் இந்தக் கதைகள் வந்திருக்கின்றன. லக்ஷ்மி ஆனந்த விகடனுக்கு எழுதிய பணத்தில்தான் மருத்துவக் கல்லூரிச் சம்பளம் கட்டினார். இன்னும் சொல்லிக்கொண்டே போவேன். உனக்கு பஸ் வந்துவிடும்.

1983ல் பெரியம்மா வீட்டில் வெட் கிரைண்டர் வாங்கினார்கள். எல்லாருக்கும் சந்தோஷம், அவளுக்கும்தான், தோள்வலி போச்சே. ஆனால் அந்தச் சத்தத்தில் கத்திப் படித்தாலும் கேட்காது. வாசிப்பு அதோடு நின்றது.

ஆன்டி ஹீரோ. இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்கே கூச்சமான விஷயம். என் மூன்றாவது நாவலில் அவன் அவளை ஓங்கி அறைவான். கடைசியில் அவள் மன்னித்துவிடுவாள். நன்றாக விற்றது. ஒரு இன்லேண்ட் கடிதம் வந்தது: "அறைகிற பக்கம் எங்கள் வீட்டிலும் அப்படியே நடக்கிறது. அவர் மனம் திருந்துகிற பக்கம் எப்போது வரும் என்று எழுதவும்." அதற்கு நான் பதில் போடவில்லை. என்ன போடுவது? அதற்கப்புறம் என் கதையில் எவனும் கை ஓங்கியதில்லை. விறுவிறுப்பு வேண்டும் என்று கமெண்ட் போடுகிறவர்கள் போடட்டும். கோபக்காரன் இருக்கலாம், திமிர் பிடித்தவன் இருக்கலாம், என் ஆட்களில் பாதிப் பேர் அப்படித்தான். அடிக்கிறவனைக் கட்டிக்கொண்டு அவள் சந்தோஷமாக இருந்தாள் என்று மட்டும் எழுதாதே.

அட, உன் கேள்வி 13வது அத்தியாயம் இல்லையா? மறந்தே போனேன்.

பன்னிரண்டையும் படித்தேன். எழுத்துப்பிழை நிறைய, அதை விடு. ஏழாவதில் அவள் முடியில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் தூசியை எடுத்துவிடலாமா என்று கையைத் தூக்கி, எடுக்காமலே அவன் ஷிப்மெண்ட் தேதியைப் பற்றிப் பேசுகிறானே, அங்கே பெரியம்மாவின் குழவி நின்றிருக்கும். இவனைப் போய் சாஃப்ட் என்கிறார்களா? பத்தாவதில்தான் கெடுத்தாய். டீக்கடையில் அவனை வேறொரு பெண்ணோடு பார்த்துவிட்டு அவள் தப்பாக நினைத்துக்கொள்கிறாள். ஏம்மா, ஒரு போன் போட்டால் தீர்ந்தது. அவள் போன் போடாததற்கு நீ காரணமே சொல்லவில்லை, உனக்கே தெரியாது. உனக்கே நம்பிக்கை இல்லாத சண்டையை வைத்து 11, 12 என்று இழுத்தாய், 13ல் வண்டி நின்றுவிட்டது. அவளுக்கும் அவனுக்கும் நடுவே நிஜமாகவே ஒன்று இருக்கிறது. அவள் சம்பளத்தில்தான் அவள் தம்பி படிக்கிறான் என்று மூன்றாவதில் எழுதிவிட்டு அப்படியே மறந்துவிட்டாய். திரும்பிப் போய் அதை எடு.

இன்னொன்று. மாமியாருக்குக் கண் மங்கிவிட்டது என்றாயே, முருங்கைக்கீரை ஆய்வாரா? அதற்குக் கண் வேண்டாம், விரலே போதும். ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டு கீரையை அவர் முன்னால் போட்டுவிட்டு, பத்தாவதிலிருந்து படித்துக் காட்டு. யார் எழுதியது என்று சொல்லாதே. கேட்டால், ஏதோ ஆப்பில் வந்தது என்று சொல். கை எங்கே நிற்கிறது, எங்கே வேகம் பிடிக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு எனக்கு எழுது.

டைம்பாஸ் என்று மறுபடி எழுதினால் பதில் வராது.

அன்புடன்