தீக்காயத் தழும்புக்கு ஸ்டெம் செல் ஊசி: நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: மகளுக்கு ஒன்பது வயது. இரண்டு வருஷத்துக்கு முன் தோட்டத்து லய வீட்டில் குப்பி விளக்கு சரிந்து வலது அக்குளும் முழங்கையும் எரிந்துவிட்டன. புண் ஆறிவிட்டது. ஆனால் தோல் இழுத்துப் பிடித்து, கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை. வியர்வைச் சுரப்பியிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து ஊசி போட்டால் புதுத் தோல் வளரும் என்று வெளிநாட்டு கிளினிக் ஒன்று பேஸ்புக்கில் விளம்பரம் போடுகிறது. பல லட்சம் கேட்கிறார்கள். நகையை அடகு வைக்கலாமா? தேவையென்றால் என் அக்குளிலிருந்து எடுக்கலாமா? (தலவாக்கலைப் பக்கமிருந்து ஒரு தாய்)

பதில்: அடகு வைக்க வேண்டாம் அம்மா. பணம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஊசியை நம்பிக் காத்திருக்கும் மாதங்களில் பிள்ளையின் கை இன்னும் மடங்கிப்போகும் என்பதுதான் என் பயம். பிள்ளை வளரும்போது தழும்பு கூடவே வளராது.

விளம்பரத்தில் இருப்பது முழுப் பொய்யும் இல்லை. அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. ஸ்டெம் செல் என்பது பெருகவும் வேறு வகைக் கலங்களாக மாறவும் கூடிய மூலக் கலம். நம் உடம்பில் இருபது முதல் நாற்பது லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. தோலின் ஆழத்தில் இருக்கும் இவற்றின் கலங்கள், மேல்தோல் உரிந்துபோனால் பெருகி மேலேறி அந்த இடத்தை மூடுகின்றன. மனிதக் காயங்களில் இந்த வேலையில் பெரும் பங்கு வியர்வைச் சுரப்பிகளுடையது என்று மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள். உள்ளங்கையில் ஒரு முடிகூட இல்லை. ஆனாலும் அங்கே தோல் உரிந்தால் புதிதாக வருகிறதே, இதனால்தான். ஜேர்மனியின் லூபெக் நகர ஆய்வாளர்கள் மனித அக்குள் தோலின் சுரப்பிகளிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்து வளர்த்தார்கள். செயற்கைத் தோல் ஒன்றில் அவற்றை ஏற்றி எலிகளின் காயத்தில் வைத்தபோது, அங்கே இரத்தக் குழாய்கள் கூடுதலாக முளைத்தன.

கவனியுங்கள், எலியில், அதுவும் புதுக் காயத்தில். உங்கள் மகளுக்கு இருப்பது ஆறி இறுகிய பழைய தழும்பு. முறுக்கிய கயிறு மாதிரி கொலாஜன் என்ற புரத நார்கள் மூட்டை இழுத்துப் பிடித்திருக்கின்றன. எந்தக் கலத்தை ஊசியால் ஏற்றினாலும் அந்த இழுவை தானாக அவிழாது. வெட்டித்தான் விடுவிக்க வேண்டும்.

வளர்த்த தோலால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு. மரபணு நோயால் உடம்பின் பெரும்பகுதித் தோலை இழந்த ஏழு வயதுச் சிறுவனுக்கு, ஜேர்மனி மருத்துவமனை ஒன்றில், அவனுடைய கலங்களிலிருந்தே இத்தாலியில் வளர்த்த தோலைப் பொருத்தினார்கள். 2017இல் அந்த விவரம் வெளியானது. அது பல அறுவைகளும் பெரிய ஆய்வுக்கூடமும் சேர்ந்து செய்த வேலை, ஒரு நாளில் போட்டு அனுப்பும் ஊசி இல்லை. இன்னொரு பக்கம், அமெரிக்காவின் புளோரிடாவில் கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல் என்று சொல்லி, காசு வாங்கிக்கொண்டு, மூன்று பெண்களுக்குக் கண்ணில் ஊசி போட்டார்கள். மூவரின் பார்வையும் மோசமாகப் பறிபோனது. இதுவும் 2017இல்தான் மருத்துவ இதழில் வந்தது. பொதுவாக, உண்மையான மருத்துவ ஆராய்ச்சி என்றால் பரிசோதனைச் சிகிச்சைக்கு நோயாளியிடம் லட்சக்கணக்கில் கேட்க மாட்டார்கள். யார் அனுமதி கொடுத்தது என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் தோலைத் தருவதாக எழுதியிருக்கிறீர்கள். தாயின் தோலானாலும் பிள்ளையின் உடம்பு கொஞ்ச நாளில் அதைத் தள்ளிவிடும். அவளுடைய தொடையே போதும். அங்கிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து, தழும்பை வெட்டி விடுவித்த இடத்தில் ஒட்டுவார்கள். சீவிய தொடை பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரத்தில் தானே மூடிக்கொள்ளும். ஆழத்தில் மிஞ்சிய முடிவேர்களும் வியர்வைச் சுரப்பிகளும்தான் மூடுகின்றன. விளம்பரக்காரர் விற்கும் அதே சக்தி, இங்கே காசில்லாமல் வேலை செய்கிறது!

முதலில் தோட்டத்து டொக்டரிடம் துண்டு (அனுப்பும் கடிதம்) வாங்கிக்கொண்டு நுவரெலியா வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை கிளினிக்குக்குப் போங்கள். அங்கிருந்து பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைக்குக் கண்டிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு கிளினிக் நாளும் உங்களுக்கு ஒரு பேர் (ஒரு நாள் சம்பளம்) போகும், பஸ் காசும் ஆகும் என்பது தெரியும். சேர்த்து வைத்த பணத்தை அதற்கே வைத்துக்கொள்ளுங்கள். அறுவைக்குப் பிறகு பிசியோதெரபியைத் தவறவிட்டால் மறுபடி மடங்கும், அதனால் போக்குவரத்து பல மாதம் நீளும். ஆறிய தழும்பில் தினமும் எண்ணெய் தடவி மெதுவாக நீவலாம். தழும்பு தடிக்காமலிருக்க அழுத்த உடையும் சிலிக்கன் ஷீட்டும் எப்போது, எவ்வளவு நேரம் போட வேண்டும் என்று அங்கேயே கேளுங்கள்.

ஒட்டிய தோலில் வியர்வைச் சுரப்பிகள் வராது. அந்த இடம் வியர்க்காமல் வறண்டு அரிக்கும், வெயிலில் சீக்கிரம் கன்றும். பள்ளி விளையாட்டுப் போட்டி நாட்களில் நிழலும் தண்ணீரும் வேண்டும் என்று டீச்சரிடம் சொல்லி வையுங்கள். தழும்பில் எப்போதாவது புண் வந்து வாரக்கணக்கில் ஆறாமல் நின்றால், அவள் பெரியவளான பிறகு வந்தாலும் சரி, தள்ளிப்போடாமல் டொக்டரிடம் காட்ட வேண்டும். பழைய தீக்காயத் தழும்பில் அபூர்வமாகப் புற்றுநோய் வருவதுண்டு.