சந்தேகம் இருக்கும்போதே தைரியமாக ஜெபிக்க முடியுமா?

கேள்வி: ஜெபிக்கும்போதே "நடக்குமா?" என்ற சந்தேகமும் வருகிறது. அப்படியென்றால் என் ஜெபம் கேட்கப்படாதா? தைரியமாக, விசுவாசத்தோடு ஜெபிப்பது எப்படி?

தைரியமான ஜெபத்தை நான் முதலில் கேட்டது கன்வென்ஷன் பந்தலில் அல்ல, மயிலாடிப் பக்கம் எங்கள் ஆச்சி வீட்டில். ராத்திரி குடும்ப ஜெபத்தில் ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பிப்பாள்: "ஆண்டவரே, பேச்சிப்பாறை அணையில தண்ணி திறந்து ஒரு வாரம் ஆச்சு. மேல எல்லாரும் பாய்ச்சியாச்சு. நம்ம மடைக்கு இன்னும் வரல்ல. நேத்தும் சொன்னேன், உமக்கு ஓர்மை இருக்கா?" பிள்ளைகள் நாங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தவிப்போம். தாத்தா ஒற்றைக் கண்ணைத் திறந்து முறைப்பார். (சானலின் கடைசியில் வயல் வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.)

ஆச்சி குரலை உயர்த்தியதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரிதான் பேசுவாள்.

எபிரெயர் 4:16 "தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்" என்கிறது. பலர் "தைரியமாய்" என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு மைக்கைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய சொல் "அண்டையிலே" என்பதுதான். யாத்திராகமத்தில் உடன்படிக்கைப் பெட்டியின் மூடிக்கும் நம் வேதாகமத்தில் இதே பெயர், கிருபாசனம். அது இருந்த மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரதான ஆசாரியன் மட்டும், அதுவும் வருஷத்தில் ஒரு நாள், பலியின் இரத்தத்தோடு போகலாம். மற்ற அத்தனை பேரும் வெளியே. அந்தப் பெயரைச் சொல்லித்தான் இங்கே எல்லாரையும் கிட்டே கூப்பிடுகிறார்கள். "தைரியம்" என்று வருகிற இடத்தில் இருக்கும் கிரேக்கச் சொல் பர்ரேசியா. மனதில் இருப்பதை மறைக்காமல் பேசுவது என்று பொருள். பழைய ஏதென்ஸில் அந்த உரிமை குடிமக்களுக்கு உண்டு, அடிமைகளுக்குக் கிடையாது.

நம் கன்னியாகுமரி ஜில்லாக்காரர்களுக்கு இதை ரொம்ப விளக்க வேண்டியதில்லை. 1809-இல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரியின் காலத்தில் மயிலாடியில் ஆலயம் எழும்பியபோது, அதற்குள் வந்து உட்கார்ந்தவர்கள் யார்? மேல்சாதிக்காரர் எதிரே வந்தால் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்ற கணக்கில் வாழ்ந்தவர்கள். இந்த மண்ணில் பெண்கள் தோள்சீலை போடுவதற்கே 1859 வரை அடிபட வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவர்களிடம் "கிட்டே வா, பயப்படாமல் சொல்" என்றால் அது எவ்வளவு பெரிய பேச்சு! ஆச்சியின் "ஓர்மை இருக்கா" அந்த வழியில் வந்ததுதான் என்று நான் நினைக்கிறேன்.

சரி, உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். யாக்கோபு 1:6-ஐக் காட்டி, சந்தேகப்படுகிறவன் கடல் அலை மாதிரி என்று யாராவது உங்களைப் பயமுறுத்தியிருக்கலாம். இன்னும் இரண்டு வசனம் தள்ளி வாசித்தால் "இருமனமுள்ளவன்" என்று வரும். ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டே நம்பிக்கையை வேறொரு இடத்தில் வைத்திருப்பவனைப் பற்றிய பேச்சு அது என்றே நான் புரிந்துகொள்கிறேன். நடுக்கம் வேறு. வலிப்பு வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த தகப்பன் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னான். பிள்ளை சுகமானது. அப்போஸ்தலர் 12 இன்னும் வேடிக்கை. சிறையில் இருக்கும் பேதுருவின் விடுதலைக்காகச் சபை கூடி ஊக்கமாக ஜெபிக்கிறது. பேதுரு வந்து கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற பெண் ஓடிவந்து சொன்னால், ஜெபித்துக்கொண்டிருந்தவர்களே "நீ பிதற்றுகிறாய்" என்கிறார்கள்! அவர்கள் ஜெபமும் கேட்கப்பட்டதே.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் பதில் முழுசாகாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து மீனவர்கள் நடுக்கடலில் இருந்தார்கள். சிலர் வந்தார்கள், பலர் வரவில்லை. வராதவர்கள் வீட்டில் ஜெபமாலை உருட்டியவர்களுக்கு விசுவாசம் ஒரு மாற்று குறைவு என்று யாராவது அந்தக் கரையில் நின்று சொல்லிப் பார்க்கட்டும். காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி அந்த ஊர்க்காரர்கள் டிசம்பர் 7-ஆம் தேதி குழித்துறையில் ரயிலை மறித்து உட்கார்ந்தார்கள். லூக்கா 18-இல் நியாயாதிபதியை விடாமல் அலட்டிய விதவையின் கதையை அதற்கு முன்னால் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது.

எங்கள் வீட்டிலும் அந்தக் "குறைவு" பேச்சு வந்தது. அப்பாவுக்கு டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்த நாட்களில் ஜெபிக்க வந்த ஒருவர், "இந்த வீட்டில் விசுவாசம் போதாது, அதனால்தான் அற்புதம் தடைபடுகிறது" என்று சொல்லிவிட்டு, காபியும் குடித்துவிட்டுப் போனார். அப்பா அதை நம்பிவிட்டார். இருந்த நோயோடு அந்தக் குற்ற உணர்வையும் கடைசிவரை சுமந்தார். எனக்கு இன்னும் அந்த ஆள்மேல் கோபம் போகவில்லை.

அதனால் எப்படி ஜெபிப்பது என்றால், எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வேண்டியதைப் பேர் சொல்லிக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். நேற்றுக் கேட்டதை இன்றைக்கும் கேட்க வெட்கப்படாதீர்கள்.

அப்பாவை அடக்கம் பண்ணின அன்று ராத்திரி, ஜெபம் வேண்டாம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அம்மா பாயை விரித்து உட்கார்ந்துவிட்டாள். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "நான் கேட்டதை நீர் தரல்ல" என்றாள். மூக்கைச் சிந்திக்கொண்டு தொடர்ந்தாள்: "இளையவனுக்கு இருபதாம் தேதிக்குள்ள பீஸ் கட்டணும். இருபதாம் தேதி, ஆண்டவரே."