ஆடுற பக்கம் போ

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். எனக்கு வயது 24. தேசிய சேவை முடித்து இப்போது ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். இரவு வேலை முடிந்து வந்ததும் காலை ஏழு மணிக்கு ‘ஆர்மர்ட் கோர் 6’ என்ற ரோபோ சண்டை வீடியோ கேம் ஆட உட்காருவேன். முதல் அத்தியாயத்தின் கடைசியில் வரும் பால்டியஸ் என்ற பெரிய எதிரியிடம் இதுவரை 61 முறை செத்துவிட்டேன். ஆயுதத்தை மாற்றினால் சுலபம் என்கிறார்கள். அது குறுக்குவழி என்கிறான் என் நண்பன். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நம்பி அதே ரோபோ வண்டியோடுதான் போய்க்கொண்டிருக்கிறேன். இந்த வயதில் என்ன விளையாட்டு என்று அம்மா திட்டுகிறார். விட்டுவிடட்டுமா? 61 முறை தோற்பவன் வாழ்க்கையிலும் இப்படித்தான் இருப்பானோ என்று பயமாக இருக்கிறது.

க.,
ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள க.,

நீ என்றே எழுதுகிறேன். என் மகன் உன்னைவிட ஒரு வயதுதான் மூத்தவன். 2023 ஆகஸ்ட்டில் இந்த விளையாட்டு வெளிவந்தபோது அவன் ஆட, நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பிறகு அவன் தூங்கப் போனதும் நான் ஆடினேன். எனவே பால்டியஸை எனக்கும் தெரியும்.

அம்மா திட்டட்டும். இரவெல்லாம் உழைத்துவிட்டு வந்து தூங்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத் திட்டத்தான் செய்வார். வாழ்க்கையைப் பற்றிய அந்தப் பயம், கண் எரியும் நேரத்தில் எல்லாருக்கும் வருவது. தூங்கி எழுந்து பார்.

என்னை எழுத உட்கார வைத்தது உன் அம்மி. அந்தப் பழமொழியைச் சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டுச் சலித்துப் போயிருக்கிறேன். அம்மியை நகர்த்தச் சொல்லி யாரப்பா கேட்டது? என் பாட்டி நாகப்பட்டினத்திலிருந்து ராஜுலா கப்பலில் ஓர் அம்மியைக் கொண்டுவந்தார். அரைக்கும்போது அது கொஞ்சம் அசைந்தாலும் அடியில் சாக்குத்துணி மடித்துக் கொடுப்பார். நகருகிற அம்மியில் எதையும் அரைக்க முடியாது. நாள்பட அதன் முகம் வழுவழுப்பாகிவிடும். அப்புறம் எத்தனை முறை இழுத்தாலும் மிளகாய் விதை முழுசு முழுசாகக் குழவிக்கடியில் வழுக்கிக்கொண்டு ஓடும். பாட்டி அதோடு மல்லுக்கட்ட மாட்டார். உளியை எடுத்துத் தாமே கொத்தி, முதல் அரைப்புக்கு அரிசி போட்டுக் கல்தூளைக் கழுவிவிட்டு, மறுபடி மிளகாய் வைப்பார்.

நீ 61 முறை வழுக்கும் அம்மியில் அரைத்திருக்கிறாய். பால்டியஸைச் சுற்றி பல்ஸ் கவசம் என்று ஒரு சக்தித் திரை இருக்கிறது. அதை உடைக்கத்தான் பல்ஸ் துப்பாக்கி இருக்கிறது. செத்த இடத்திலேயே, மறுபடி தொடங்கும் முன், கைவசமுள்ள பாகங்களை வைத்து வண்டியை மாற்றி அமைக்க வழி வைத்திருக்கிறார்கள். துப்பாக்கி இல்லையென்றால் சண்டையை விட்டு வெளியே வந்து, விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் கடையில் வாங்கு. வாங்கிய விலைக்கே விற்கவும் செய்யலாம், காசு வீணாகாது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த விளையாட்டின் 1.02 திருத்தத்தில் பால்டியஸைத் தளர்த்தியவர்கள் அதை உருவாக்கியவர்களேதான். அவர்கள் மாற்றலாம், நீ மாற்றக்கூடாதா? உன் நண்பனிடம் இதைக் கேள்.

இதெல்லாம் சின்ன விஷயம். எனக்குக் கோபம் வந்தது வேறொன்றில். 61 என்று எண்ணி வைத்திருக்கிறாய். எது உன்னைக் கொன்றது என்று கடிதம் முழுக்க ஒரு வரி இல்லை. ஏவுகணையா, நெருப்பா, எனர்ஜி தீர்ந்து அந்தரத்தில் நின்றாயா? மூன்று ரிப்பேர் கிட்டையும் எந்த நேரத்தில் செலவழித்தாய்? தெரியாது. சாவை எண்ணியிருக்கிறாய், பார்க்கவில்லை. இதற்கு முயற்சி என்று பெயர் வைக்காதே.

நான் சொல்லவா? ஏவுகணைதான். அது கொத்தாகக் கிளம்பி விரிந்தவுடன் நீ பின்னால் போகிறாய். எல்லாரும் போகிறார்கள்.

என் அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். 1972 ஜூனில் அங்கே முதல் கொள்கலன் கப்பல் வந்தது. அதற்குமுன் கப்பலில் வின்ச் இழுத்துக்கொண்டிருந்தவர், பிறகு கரையில் நிற்கும் பெரிய கிரேனுக்கு மாறினார். கூண்டின் கண்ணாடித் தரை வழியாக, தன் இரண்டு பாதங்களுக்கு நடுவே கீழே பார்த்தபடி ஷிஃப்ட் முழுக்கக் குனிந்திருக்கும் வேலை. கம்பியில் தொங்கும் பெட்டி ஆடும். ஆட்டத்தை அடக்கத் தெரியாதவன் அதைக் கப்பல்மேலும் லாரிமேலும் இறக்க முடியாது. கற்றுக்கொடுத்த மேற்பார்வையாளர் ஏசுவாரே தவிர எப்படி என்று சொல்லமாட்டாராம். தானாகத்தான் கண்டுபிடித்தேன் என்பார் அப்பா.

எனக்குப் பதினொரு வயதிருக்கும். வாசல் கேட்டின் பூட்டை ஒரு நூலில் கட்டி என் கையில் கொடுத்தார். ஆட்டிவிட்டு, “நிறுத்து பாப்போம்” என்றார். பூட்டு முன்னால் போனபோது நான் கையைப் பின்னால் இழுத்தேன். இன்னும் பெரிதாக ஆடி என் மணிக்கட்டில் வந்து அடித்தது. மறுபடி இழுத்தேன், மறுபடி அடித்தது. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “ஆடுற பக்கம் போ” என்றார். பூட்டு முன்னே போகும்போது என் கையையும் அதன் கூடவே முன்னே தள்ளினார். ஆட்டத்தின் கடைசியில் பூட்டு ஒரு கணம் நிற்கும் பார், அந்தக் கணத்தில் என் கை நேர் மேலே இருந்தது. பூட்டு அப்படியே தொங்கியது. நூல்கூட அசையவில்லை.

பால்டியஸின் ஏவுகணைகளும் அப்படித்தான். பின்வாங்கினால் அவை வளைந்து வந்து சேர இடமும் நேரமும் நீயே கொடுக்கிறாய். விரியும்வரை பொறு. குவிய ஆரம்பித்ததும் தரையை ஒட்டி நேராக பால்டியஸை நோக்கிப் பாய்ந்து போ. அவ்வளவு சட்டென்று அவற்றால் திரும்ப முடியாது, பெரும்பாலானவை உன் தலைக்கு மேலே கடந்துபோகும். போய்ச் சேர்ந்த இடமோ பல்ஸ் துப்பாக்கிக்கு வாகான தூரம். கவசம் உடைந்து அது நிலைகுலைந்து நிற்கும் சில நொடிகளில் கையிலிருக்கும் கனமானதையெல்லாம் இறக்கு. பாதிக்குமேல் நெருப்பை எடுக்கும். நெருப்பு எட்டுவது கொஞ்ச தூரம்தான், அதற்கு மட்டும் விலகு. மற்ற நேரமெல்லாம் முன்னால்.

முதல் சில தடவை உன் விரல் கேட்காது. என் மகன் நன்றாக ஆடுபவன், அவனுக்கும் கட்டைவிரல் தானாகப் பின்னால்தான் போனது. அவன் தாத்தாவின் பூட்டுக் கதையை அன்றுதான் முதல்முறையாக அவனுக்குச் சொன்னேன். அதற்குள் அப்பா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

விட்டுவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். நாளை வேலை முடிந்து வந்ததும் தூங்கு. எழுந்து சாப்பிட்டுவிட்டு ஒரு பூட்டை நூலில் கட்டிக்கொள். முழம் நூல் போதும், பூட்டு கொஞ்சம் கனமானதாக இருக்கட்டும். முழங்கையை மேசையில் ஊன்றாதே.